கழுத்தில் ஒன்றுமே இல்லையே, அங்கே எதற்கு ஆபரேஷன்?

காது, மூக்கு, தொண்டை: வாசகர் கேள்வி பதில்

அப்பாவுக்கு 58 வயது. பல வருடமாக வெற்றிலையோடு புகையிலை போடுவார். நாக்கின் ஓரத்தில் ஒரு புண் ஆறவே இல்லை. சதை எடுத்துப் பார்த்ததில் புற்றுநோய் என்று வந்துவிட்டது. ஆரம்ப நிலைதான் என்கிறார்கள். ஸ்கேனில் கழுத்தில் கட்டி எதுவும் இல்லை. ஆனாலும் நாக்கோடு சேர்த்துக் கழுத்தையும் திறந்து நெறிக்கட்டிகளை (நிணநீர் முடிச்சுகளை) எடுக்க வேண்டும் என்கிறார் டாக்டர். இல்லாத நோய்க்கு எதற்கு ஆபரேஷன்? பில்லைக் கூட்டவா?
– வாசகர், விருதுநகர்

தம்பி, உங்கள் டாக்டர் சொல்வது சரி. ஆபரேஷனைத் தள்ளிப் போடாதீர்கள். காரணத்தைப் பிறகு படித்துக்கொள்ளலாம், முதலில் தேதியை வாங்கிவிடுங்கள்.

இனி காரணத்துக்கு வருகிறேன். நான் மேற்படிப்புப் படித்த காலத்தில் இந்த ஒரு கேள்வியில் அறுவை மருத்துவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்றார்கள். ஒரு யூனிட்டில் நாக்கு ஆபரேஷனோடு கழுத்தையும் முடித்துவிடுவார்கள். அடுத்த யூனிட்டில் நாக்கை மட்டும் சரி செய்து, "மாசாமாசம் வந்து காட்டுங்க, கட்டி வந்தால் அப்போது எடுக்கலாம்" என்று அனுப்பிவிடுவார்கள். இரண்டு பக்கமும் கைதேர்ந்தவர்கள். கைக்கும் ஸ்கேனுக்கும் அகப்படாத அளவில் நோய் நெறிக்குள் போயிருக்கலாம் என்றது ஒரு பக்கம். போகாதவர்களையும் சேர்த்துக் கிழிக்கிறோம், தோள் தூக்க முடியாமல் சிலர் கஷ்டப்படுகிறார்கள் என்றது மறுபக்கம். இரண்டுமே உண்மை. எதனால் அதிகம் பேர் பிழைக்கிறார்கள் என்பதற்கு மட்டும் உறுதியான பதில் யாரிடமும் இல்லை.

அந்தப் பதில் மும்பையிலிருந்து வந்தது. டாடா நினைவு மருத்துவமனையில் டாக்டர் அனில் டி குரூஸ் தலைமையில் 2004 முதல் 2014 வரை 596 நோயாளிகளை ஓர் ஆய்வில் சேர்த்தார்கள். எல்லோருக்கும் உங்கள் அப்பாவைப் போலவே வாயில் ஆரம்ப நிலைப் புற்றுநோய், கழுத்தில் கட்டி இல்லை. பாதிப் பேருக்கு முதலிலேயே கழுத்து நெறிகளையும் எடுத்தார்கள். மீதிப் பேரைக் கவனமாகத் தொடர்ந்து பார்த்து, கட்டி வந்தால் மட்டும் எடுத்தார்கள். யாருக்கு எது என்பதைக் குலுக்கல்தான் தீர்மானித்தது.

முதல் 500 பேரின் விவரம் 2015-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வந்தது. மூன்று ஆண்டு முடிவில், கழுத்தையும் சேர்த்து எடுத்தவர்களில் நூற்றுக்கு 80 பேர் உயிரோடு இருந்தார்கள். காத்திருந்தவர்களில் நூற்றுக்கு 67 அல்லது 68 பேர்தான். முதல் குழுவில் 81 பேருக்கு நோய் திரும்பியது. இரண்டாவது குழுவில் 146 பேருக்கு. அந்தக் கட்டுரையைப் படித்த அன்று எனக்கு மனம் நிறைந்துபோனது. வாய்ப் புற்றுநோய் நம் ஊரில்தான் இவ்வளவு அதிகம். அந்தக் கேள்வியை நம் நோயாளிகளிடமே கேட்டு, நம் மருத்துவர்களே விடை கண்டு, உலகம் முழுவதும் சிகிச்சையை மாற்றிவிட்டார்கள்.

நீங்கள் டாக்டரிடம் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: புண்ணின் ஆழம் எத்தனை மில்லிமீட்டர்? அதே ஆய்வில், 3 மில்லிமீட்டருக்குள் நின்ற மிக மெல்லிய புண்களில் கழுத்து ஆபரேஷனால் பெரிய லாபம் தெரியவில்லை. அப்படி இருந்தால் பேசி முடிவெடுக்கலாம். அதைவிட ஆழம் என்றால் யோசிக்கவே வேண்டாம். தோளுக்குப் போகும் நரம்பை இப்போது கூடியவரை காப்பாற்றிவிடுகிறார்கள். ஆனாலும் ஆபரேஷன் முடிந்ததும் பிசியோதெரபி சொல்லித் தருவார்கள், அதை அப்பா விடாமல் செய்ய வேண்டும். வீட்டில் யாராவது பக்கத்தில் உட்கார்ந்து செய்யவைத்தால்தான் நடக்கும். செலவுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் வழி இருக்கிறதா என்று மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் இன்றைக்கே கேளுங்கள். புகையிலையை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். "வந்துதான் விட்டதே, இனி நிறுத்தி என்ன" என்பார். வாயின் மற்ற இடங்கள் மிச்சம் இருக்கின்றன என்று சொல்லுங்கள்.

என் கணவருக்குக் கன்னத்தில் புற்றுநோய் திரும்பி வந்திருக்கிறது. ஆபரேஷன் செய்ய முடியாது என்கிறார்கள். சிகிச்சை பெறும் இடத்தில், "ஓர் ஆய்வு நடக்கிறது, சேர்கிறீர்களா?" என்று கேட்டார்கள். இரண்டு சிகிச்சையில் எது கிடைக்கும் என்பதைக் கம்ப்யூட்டர்தான் சொல்லுமாம். எது நல்லது என்று டாக்டருக்கே தெரியாதா? எங்களைச் சோதனை எலி ஆக்குகிறார்களா? என் மாமியார் அழுதுகொண்டே இருக்கிறார்.
– வாசகி, தஞ்சாவூர்

அம்மா, உங்கள் பயத்தைத் தவறு என்று சொல்லமாட்டேன். எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்றே தெரியாமல் ஏழைகள் ஆய்வுகளில் சேர்க்கப்பட்ட காலம் இந்த நாட்டில் இருந்தது. 2013-இல் உச்ச நீதிமன்றம் தலையிட்டுக் கண்டித்த பிறகுதான் நிலைமை இறுகியது. 2019-இல் புதிய விதிகள் வந்தன. இன்று உங்கள் கையில் உரிமைகள் இருக்கின்றன, அவற்றைத் தெரிந்துகொண்டு பேசுங்கள்.

டாக்டருக்கே தெரியாதா என்று கேட்டீர்கள். ஆமாம், தெரியாது. தெரியாததால்தான் ஆய்வு. தெரிந்துகொண்டே ஒரு பகுதிப் பேருக்கு மட்டமான சிகிச்சை கொடுத்தால் அது குற்றம். ஆய்வு தொடங்கும் முன் அதைப் பரிசீலிக்கும் நெறிமுறைக் குழு அதை அனுமதிக்கவும் கூடாது. மருத்துவமனை ஆட்கள் மட்டும் அந்தக் குழுவில் இருந்தால் போதாது; சட்டம் தெரிந்தவரும், வெளியிலிருந்து வரும் பொதுமக்களில் ஒருவரும் இருந்தாக வேண்டும்.

கம்ப்யூட்டர் ஏன் முடிவு செய்கிறது? டாக்டர் கையில் விட்டால், திடமாக இருப்பவர்களைப் புது மருந்துக்கும் தளர்ந்தவர்களைப் பழைய மருந்துக்கும் அவர் மனம் தானாகவே பிரித்துவிடும். கடைசியில் புது மருந்து ஜெயித்ததுபோலத் தெரியும். உண்மையில் ஜெயித்தது ஆட்களின் உடல் பலம். அந்தப் பாரபட்சத்தைத் தடுக்கத்தான் குலுக்கல். என் அனுபவத்தில் இதை நிதானமாக, வரைந்து காட்டிச் சொன்னால் படிக்காதவர்களும் சட்டென்று புரிந்துகொள்கிறார்கள். சொல்லத்தான் ஆட்களுக்கு நேரம் இருப்பதில்லை. அது மருத்துவமனைகள் திருத்திக்கொள்ள வேண்டிய விஷயம். நீங்கள் கேட்டுக்கொண்டே இருங்கள்.

கேட்க வேண்டிய முதல் கேள்வி, "ஆய்வில் சேராவிட்டால் இவருக்கு என்ன சிகிச்சை கிடைக்கும்?" சேர்ந்தால் அதற்குக் குறைவாக எந்தக் குழுவிலும் கிடைக்கக் கூடாது. அப்புறம், ஆய்வின் பதிவு எண்ணைக் கேளுங்கள். இந்தியாவில் நடக்கும் மருந்து ஆய்வுகளை சி.டி.ஆர்.ஐ. என்ற தேசியப் பதிவேட்டில் பதிய வேண்டும். 2007-இல் தொடங்கிய இந்தப் பதிவேடு 2009 முதல் கட்டாயம். உங்கள் பிள்ளைகள் போனிலேயே அந்த எண்ணைப் போட்டுப் பார்க்கலாம், காசு கிடையாது. ஒப்புதல் படிவம் தமிழில் இருக்க வேண்டும். படிக்கத் தெரியாதவர் என்றால் சம்பந்தமில்லாத ஒரு சாட்சியை வைத்துக்கொண்டு வாசித்துக் காட்ட வேண்டும். ஒரு பிரதி உங்களிடம் இருக்க வேண்டும். அங்கேயே உட்கார்ந்து கையெழுத்துப் போட வேண்டிய அவசியமில்லை. வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய் நாலு பேரிடம் காட்டுங்கள். சேர்ந்த பிறகு எந்த நாளிலும் விலகலாம், விலகியதற்காக வழக்கமான சிகிச்சையை நிறுத்த முடியாது. ஆய்வு மருந்தால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சைக்கும் இழப்பீட்டுக்கும் விதி இருக்கிறது. ஆய்வு மருந்துக்கே பணம் கட்டச் சொன்னால், ஏன் என்று கேளுங்கள். பதில் திருப்தியாக இல்லையென்றால் கையெழுத்துப் போடாதீர்கள்.

உங்கள் கணவருக்கு வந்திருக்கும் இதே நிலையில் நடந்த ஓர் ஆய்வைச் சொல்கிறேன். நிவோலுமாப் என்ற ஊசி, உடலின் எதிர்ப்புச் சக்தியைத் தட்டி எழுப்பிப் புற்றுநோயோடு மோதவிடுகிறது. வழக்கமான அளவு இரண்டு வாரத்துக்கு 240 மில்லிகிராம். நம் நாட்டில் பெரும்பாலான குடும்பங்களுக்கு அந்தச் செலவை நினைத்தே பார்க்க முடியாது. டாடா நினைவு மருத்துவமனையில் 151 பேரை வைத்து, மூன்று வாரத்துக்கு ஒரு தடவை வெறும் 20 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்தார்கள். குறைந்த செலவு மாத்திரைச் சிகிச்சை எல்லோருக்கும் உண்டு. பாதிப் பேருக்கு இந்தச் சிறு ஊசி கூடுதல். ஒரு வருட முடிவில் ஊசி போடாதவர்களில் நூற்றுக்கு 16 பேரும், போட்டவர்களில் 43 பேரும் உயிரோடு இருந்தார்கள். 2023-இல் முடிவு வெளியானது. முழு அளவு ஊசிக்கு இது சமமா என்பதை இந்த ஆய்வு சோதிக்கவில்லை, ஆனால் முழு அளவு எட்டாக்கனியாக இருக்கும் வீடுகளுக்கு ஒரு கதவு திறந்தது. உங்கள் கணவர் சேராவிட்டாலும், இந்தச் சிறு அளவு சிகிச்சை அவருக்குப் பொருந்துமா என்று டாக்டரிடம் கேளுங்கள். அந்த 151 பேரும் உங்களைப் போலவே பயத்தோடுதான் கையெழுத்துப் போட்டிருப்பார்கள்.

அடுத்த முறை மாமியாரையும் கூட்டிக்கொண்டு போங்கள். வீட்டில் உட்கார்ந்து கற்பனை செய்வதைவிட, அவர் வாயாலேயே டாக்டரைக் கேட்கட்டும்.

நூல் மில்லில் வேலை. பல வருடமாக சைனஸ். தலைவலி, மூக்கடைப்பு. மாதத்துக்கு ஒரு தடவையாவது ஆன்டிபயாட்டிக் எழுதுகிறார்கள். ஒரு டாக்டர் ஆபரேஷன் செய்யச் சொல்கிறார். "செய்தாலும் திரும்ப வரும்" என்கிறார் இன்னொருவர். யாரை நம்புவது?
– வாசகி, கோவை

முதலில் இது சைனஸ்தானா என்று பார்ப்போம். சைனஸ் தலைவலி என்று வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு இருப்பது ஒற்றைத் தலைவலி. 2004-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், சைனஸ் தலைவலி என்று சொல்லப்பட்ட 2,991 பேரைப் பரிசோதித்தார்கள். 88 சதவீதம் பேருக்கு மைக்ரேன் வகைத் தலைவலி இருந்தது! மைக்ரேனிலும் மூக்கு அடைக்கும், கண்ணில் நீர் வரும், அதனால்தான் இந்தக் குழப்பம். தலைவலி வரும்போது வாந்தி உணர்வு, வெளிச்சம் பிடிக்காமல் இருட்டறையில் படுக்கத் தோன்றுவது, அசைந்தால் அதிகமாவது என்றெல்லாம் இருந்தால் நரம்பியல் அல்லது பொது மருத்துவரைப் பாருங்கள். அதற்கு ஆன்டிபயாட்டிக் எத்தனை கோர்ஸ் சாப்பிட்டாலும் பலன் இல்லை.

நாள்பட்ட சைனஸ் என்றால் மூக்கடைப்போ சளி ஒழுக்கோ பன்னிரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்க வேண்டும். அதோடு முக அழுத்தமோ மணம் தெரியாமையோ இருக்கும். எண்டோஸ்கோப்பிலோ சி.டி. ஸ்கேனிலோ அதற்கு அடையாளமும் தெரிய வேண்டும். உங்களுக்கு எண்டோஸ்கோப் போட்டுப் பார்த்தார்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. பார்க்காமலேயே மாதாமாதம் ஆன்டிபயாட்டிக் எழுதுவதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது.

நோய் உறுதியானால் தினமும் உப்புநீரில் மூக்கைக் கழுவுவதும் ஸ்டீராய்டு ஸ்பிரேயும்தான் முதல் சிகிச்சை. ஒரு வாரம் அடித்துவிட்டு "கேட்கல" என்று விடக் கூடாது, குறைந்தது இரண்டு மூன்று மாதம் வேண்டும். ஸ்பிரேயின் முனையை மூக்கின் நடுத்தண்டைப் பார்த்து வைக்காமல், அதே பக்கத்துக் கண்ணைப் பார்த்துச் சாய்த்து அடியுங்கள். கழுவும் தண்ணீர் கொதிக்க வைத்து ஆறியதாக இருக்க வேண்டும். குழாய்த் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர் கூடவே கூடாது. மூக்கு வழியாக மூளைக்குப் போகும் அமீபா கேரளத்தில் உயிர்களைப் பறித்ததைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். மில்லில் பஞ்சுத் தூசு இருக்கும், முகக்கவசத்தை விடாதீர்கள்; ஷிஃப்ட் முடிந்து வந்ததும் கழுவினால் நல்லது.

இவ்வளவும் ஒழுங்காகச் செய்தும் தீரவில்லை என்றால் ஆபரேஷனா, நீண்ட நாள் ஆன்டிபயாட்டிக்கா? மருத்துவர்களுக்குள்ளும் இந்தச் சண்டை வெகுகாலம் இருந்தது. பிரிட்டனில் மேக்ரோ என்ற பெயரில் நடந்த ஓர் ஆய்வில் 500-க்கு மேற்பட்டோரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு எண்டோஸ்கோப் ஆபரேஷன், ஒன்றுக்கு மூன்று மாதம் கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக், ஒன்றுக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை. கழுவலும் ஸ்பிரேயும் மூவருக்கும் பொது. ஸ்னாட்-22 என்று 22 கேள்வி கொண்ட ஒரு படிவம் உண்டு. தூக்கம், அடைப்பு, சோர்வு என்று ஒவ்வொன்றுக்கும் நோயாளியே மதிப்பெண் போடுவார். மொத்தம் 110, குறைந்தால் நல்லது. ஆறு மாதத்தில் ஆபரேஷன் குழு மற்ற இரண்டையும்விட ஏறக்குறைய 20 புள்ளி நல்ல நிலையில் இருந்தது. ஆன்டிபயாட்டிக்குக்கும் வெற்று மாத்திரைக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. 2025-இல் லான்செட் இதழில் வந்தது.

ஆக, உங்கள் முதல் டாக்டர் எண்டோஸ்கோப்பும் ஸ்கேனும் பார்த்துவிட்டுச் சொல்லியிருந்தால் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. இரண்டாமவர் சொல்வதிலும் ஒரு பாதி உண்மை: சிலருக்கு, குறிப்பாக மூக்கில் சதை வளர்ந்தவர்களுக்கும் ஆஸ்துமா உள்ளவர்களுக்கும், திரும்ப வரும். ஆபரேஷனுக்குப் பிறகும் கழுவலும் ஸ்பிரேயும் தொடர வேண்டும். அதைச் செய்யத் தயாராக இல்லையென்றால் ஆபரேஷன் செய்துகொள்ளாதீர்கள்.

மூக்கடைப்புக்குக் கடையில் வாங்கும் சொட்டு மருந்து இல்லாமல் தூக்கம் வருவதில்லை. ஒரு வருடமாகப் போடுகிறேன். மாத்திரைக்கு மாறலாமா?
– வாசகர், திருநெல்வேலி

சைலோமெட்டாசோலின், ஆக்ஸிமெட்டாசோலின் வகைச் சொட்டு மருந்துகளை ஒரு வாரத்துக்கு மேல் போடக் கூடாது. பிறகு அடைப்பை உண்டாக்குவதே அந்த மருந்தாகிவிடும். ஸ்டீராய்டு ஸ்பிரே தொடங்கி, சொட்டு மருந்தை முதலில் ஒரு மூக்கில் நிறுத்துங்கள், அப்புறம் அடுத்ததில். முதல் சில இரவுகள் கஷ்டம்தான். மாத்திரை வேண்டாம். சளி மாத்திரைகளில் கலந்துவரும் ஃபினைலெஃப்ரின், விழுங்கினால் மூக்கடைப்புக்கு உதவாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஆலோசனைக் குழு 2023 செப்டம்பரில் 16-க்கு 0 என்று வாக்களித்தது. ஃப்ளோரிடா பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் பல ஆண்டுகள் விடாமல் பழைய ஆய்வுகளைத் தோண்டியதன் பலன் அது. உங்களுக்கு ரத்த அழுத்தம் எவ்வளவு என்றும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

என் மகனுக்கு 19 வயது. மூக்குத் தண்டு வளைந்திருக்கிறது என்று வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் வந்தது. உடனே ஆபரேஷன் வேண்டுமா?
– வாசகர், ஓசூர்

அவனுக்குத் தொல்லை இருக்கிறதா? இல்லையென்றால் ஸ்கேனை மடித்து உள்ளே வையுங்கள். நேராக மூக்குத் தண்டு உள்ளவர்கள் குறைவு. அடைப்பால் மூச்சுவிடச் சிரமம் என்றால் கதை வேறு. பிரிட்டனில் 17 மருத்துவமனைகளில் 378 பேரை வைத்து நடந்த நைரோஸ் ஆய்வு, 2023-இல் பிஎம்ஜே இதழில் வந்தது. ஆறு மாதத்தில் ஆபரேஷன் செய்தவர்களின் ஸ்னாட்-22 மதிப்பெண் சராசரி 19.9, ஸ்பிரே மட்டும் அடித்தவர்களுக்கு 39.5. அடைப்பு அதிகம் இருந்தவர்களுக்குத்தான் லாபமும் அதிகம். அந்த 378 பேரும் தொல்லை என்று வந்தவர்கள் என்பதை மறக்காதீர்கள்.

நான் கிராம சுகாதார செவிலியர். வீடு வீடாகப் போகும்போது டார்ச் அடித்து வாயையும் பார்க்கச் சொல்கிறார்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை என்று ஏற்கெனவே வேலை நிறைய. வெறும் கண்ணால் வாயைப் பார்ப்பதால் உண்மையிலேயே யாராவது பிழைக்கிறார்களா?
– வாசகி, தருமபுரி மாவட்டம்

பிழைக்கிறார்கள், சகோதரி. அதை நிரூபித்தவர்கள் உங்களைப் போல வீடு வீடாகப் போனவர்கள். 1996-இல் திருவனந்தபுரம் மாவட்டத்தில் 13 பஞ்சாயத்துப் பகுதிகளை எடுத்து, குலுக்கல் முறையில் ஏழில் வாய்ப் பரிசோதனையும், ஆறில் வழக்கமான கவனிப்பும் என்று பிரித்தார்கள். 35 வயதுக்கு மேற்பட்டவர்கள், இரு பக்கமும் சேர்த்து ஒரு லட்சத்துத் தொண்ணூறாயிரம் பேருக்கு மேல். டாக்டர் சங்கரநாராயணன் குழுவினர் 2005-இல் லான்செட் இதழில் முடிவை எழுதினார்கள். புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளவர்களிடம் வாய்ப் புற்றுநோய் மரணம் 34 சதவீதம் குறைந்திருந்தது. வாயைப் பார்த்தவர்கள் டாக்டர்கள் இல்லை, பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள். பழக்கம் இல்லாதவர்களையும் சேர்த்துக் கணக்கிட்டபோது வித்தியாசம் அவ்வளவு உறுதியாக வரவில்லை. அதனால் நேரம் குறைவு என்றால், வெற்றிலை புகையிலை போடுகிறவர், பீடி சிகரெட் பிடிப்பவர், குடிப்பவர் ஆகியோரை முதலில் பாருங்கள். பெண்களிடம் தனியாகக் கேளுங்கள். மாமியார், மருமகள் முன்னால் புகையிலைப் பழக்கத்தை ஒத்துக்கொள்ளமாட்டார்கள்.

கன்னத்தை விரலால் விலக்கி, பல்லுக்கும் கன்னத்துக்கும் நடுவில் புகையிலையை ஒதுக்கி வைக்கும் குழிவைப் பாருங்கள். நாக்கைத் துணியால் பிடித்து இரண்டு ஓரத்தையும் பாருங்கள், நாக்கைத் தூக்கச் சொல்லி அடியிலும் பாருங்கள். துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, சிவந்த திட்டு, மூன்று வாரமாக ஆறாத புண், மூன்று விரல் நுழையாதபடி சுருங்கிய வாய், கழுத்தில் கெட்டியான நெறி, இதில் எது இருந்தாலும் அனுப்பிவிடுங்கள். சிவந்த திட்டை வெள்ளையைவிட அவசரமாக அனுப்புங்கள்.

திருவனந்தபுரம் ஆய்வில் என்னை வருத்தப்படவைத்த ஓர் எண் உண்டு. சந்தேகம் என்று அனுப்பப்பட்டவர்களில் 63 சதவீதம் பேர்தான் மருத்துவரிடம் போனார்கள். கூலி போகும், வலி இல்லையே என்று மற்றவர்கள் நின்றுவிட்டார்கள். எனவே நீங்கள் சீட்டு மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டு வராதீர்கள். மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவோ பல் பிரிவோ எந்தக் கிழமையில் இருக்கிறது என்று முன்னதாகவே பேசி வைத்துக்கொண்டு, அந்தக் கிழமைக்கே ஆளை அனுப்புங்கள். பெயரை ஒரு நோட்டில் எழுதி, அடுத்த சுற்றில் அந்த வீட்டுக்கு முதலில் போங்கள்.